மந்திரி ஆசைப்பட்ட தண்ணீர்

சீனா நாட்டின் நெடுஞ்சாலை அது. அஞ்சல் சாவடி ஒன்றில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள்.

தூரத்தில் புழுதி கிளம்புகிறது. ஒரு சுமை வந்து சேருகிறது. களைத்துப் போனவர்கள் அதை இறக்குகிறார்கள். புதிய ஆட்கள் அதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். அடுத்த சாவடி, அதற்கு அடுத்த சாவடி என்று சுமை போய்க்கொண்டே இருக்கிறது.

அது என்ன? போர்ச் செய்தியா? கஜானாவுக்குப் போகும் பொன்னா?

இல்லை. தண்ணீர்! வெறும் தண்ணீர்!

ஒரு மந்திரி டீ குடிக்க வேண்டும். அதற்காக, 600 மைலுக்கு அப்பால் உள்ள ஓர் ஊற்றில் இருந்து தண்ணீர் வந்தது. இது நடந்து ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த மந்திரி இன்று இல்லை. அவருடைய மாளிகையும் இல்லை. ஆனால் ஊற்று இருக்கிறது. அதைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

அந்த ஊற்றின் பெயரே விசித்திரமானது. "உலகத்தின் இரண்டாவது ஊற்று" என்று அதற்குப் பெயர்!

எங்கே இருக்கிறது?

சீனாவின் பெரிய நகரம் ஷாங்காய். அங்கிருந்து மேற்கே சுமார் 80 மைல் தூரத்தில் வூசி என்ற நகரம் இருக்கிறது. அதிவேக ரெயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

வூசி என்றால் "வெள்ளீயம் இல்லை" என்று அர்த்தம். ஊருக்கு மேற்கே ஒரு சின்னக் குன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே வெள்ளீயம் தோண்டி எடுத்தார்களாம். அது தீர்ந்து போனதும் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று சொல்லுகிறார்கள்.

ஈயம் தீர்ந்தது. ஆனால் தண்ணீர் தீரவில்லை.

அந்தக் குன்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மலை நிற்கிறது. அதன் பெயர் ஹுயிஷான். உயரம் சுமார் 1,080 அடி. இந்த மலையின் அடிவாரத்தில்தான் அந்த ஊற்று இருக்கிறது. இப்போது அந்த இடம் முழுவதும் பெரிய பூங்காவாக விளங்குகிறது.

மூன்று தொட்டிகள்

பெரிய அருவியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஊற்று சத்தம் போடாது. பாய்ந்து விழாது. மலைக்குள் இருந்து மெதுவாகக் கசிந்து வருகிறது.

அந்த நீரைத் தேக்குவதற்கு மூன்று கல் தொட்டிகள் இருக்கின்றன. மேல் தொட்டிக்கு எட்டு மூலைகள். நடுத்தொட்டி சதுரமானது. கீழ்த்தொட்டி நீளமாகவும் பெரிதாகவும் இருக்கிறது. கீழ்த்தொட்டியின் சுவரில் டிராகன் என்ற கற்பனை விலங்கின் தலையைக் கல்லில் செதுக்கி இருக்கிறார்கள். அதன் வாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் விழும்.

மேல் தொட்டியும் நடுத்தொட்டியும் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன. ஆனாலும் மேல் தொட்டி நீருக்குத்தான் ருசி அதிகம் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். டீ போடுகிறவர்கள் அதைத்தான் மொண்டு போனார்கள்.

அனாதைச் சிறுவன்

இந்த ஊற்றின் பெயரை நாடு முழுவதும் பரப்பியவர் லூ யூ. அவர் ராஜா அல்ல. மந்திரியும் அல்ல. அவர் ஓர் அனாதை.

கி.பி. 8-வது நூற்றாண்டில் ஒரு புத்த பிட்சு, ஏரிக்கரையில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தைதான் லூ யூ. பிட்சுவுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பழகிய சிறுவனுக்கு, டீயே வாழ்க்கை ஆகிவிட்டது. ஊர் ஊராகப் போனார். தேயிலைச் செடிகளைப் பார்த்தார். தண்ணீரை ருசி பார்த்தார். கடைசியில் டீயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். "சா சிங்" என்பது அதன் பெயர். டீயைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட முதல் முழுப் புத்தகம் அதுதான்.

சீன மொழியில் டீக்கு "சா" என்று பெயர். நம் ஊரில் சிலர் "சாயா" என்று சொல்லுவது அதில் இருந்து வந்ததே. சீனாவின் புகியன் கடற்கரையில் அதையே "தே" என்கிறார்கள். தேயிலை, தேநீர் என்ற சொற்களில் உள்ள "தே" அங்கிருந்து கப்பல் ஏறி வந்தது!

எந்தத் தண்ணீர் நல்லது?

"டீ நன்றாக இருக்கவேண்டுமானால் இலை மட்டும் போதாது, தண்ணீரும் நன்றாக இருக்கவேண்டும்." இதுதான் லூ யூவின் கொள்கை.

அவர் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்தார். மலை நீர் முதல் தரம். ஆற்று நீர் இரண்டாம் தரம். கிணற்று நீர் மூன்றாம் தரம். மலை நீரிலும், கொட்டிப் பாய்கிற நீர் வேண்டாம் என்றார். கல்லின் மேல் மெதுவாக வழிந்து வருகிற நீரே டீக்கு ஏற்றது என்றார்.

கொதிக்க வைப்பதற்கும் அவர் கணக்குச் சொன்னார். முதலில் மீன் கண்ணைப் போலச் சின்னக் குமிழிகள் வரும். பிறகு பாத்திரத்தின் ஓரத்தில் முத்து கோத்தது போலக் குமிழிகள் வரும். அப்புறம் அலை அடிப்பது போலத் தண்ணீர் பொங்கும். அதற்கு மேல் கொதித்தால் அந்தத் தண்ணீர் "கிழடு" ஆகிவிடும். குடிக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

லூ யூவின் காலத்துக்குப் பின்பு, டீ போட ஏற்ற நீர்களின் பட்டியல்கள் வெளிவந்தன. ஒரு பட்டியல் லூ யூ சொன்னது என்று கூறப்படுகிறது. இன்னொன்று வேறு ஒரு ரசிகர் போட்டது. முதல் இடம் எதற்கு என்பதில் இரண்டு பட்டியல்களும் ஒத்துப் போகவில்லை. ஒன்று ஒரு மலை அருவியைச் சொல்லியது. மற்றொன்று யாங்ட்சி ஆற்றின் நடுவில் எடுக்கும் நீரைச் சொல்லியது.

ஆனால் இரண்டாம் இடத்தில் இரண்டும் ஒரே ஊற்றைத்தான் சொல்லின. அது ஹுயிஷான் ஊற்று!

முதல் இடத்துக்குப் போட்டி இருந்தது. இரண்டாம் இடத்துக்குப் போட்டியே இல்லை! அப்படித்தான் "இரண்டாவது ஊற்று" என்ற பெயர் நிலைத்தது.

மந்திரியும் பிட்சுவும்

இனி அந்த மந்திரியின் கதைக்கு வருவோம். அவர் பெயர் லீ தெயூ. தாங் வம்ச ராஜாக்களிடம் முதல் மந்திரியாக இருந்தவர். கெட்டிக்காரர். தலைநகரம் சாங்ஆனில் வசித்தார்.

அவருக்கு ஹுயிஷான் தண்ணீரில்தான் டீ போடவேண்டும். ஆகையால், அரசாங்க அஞ்சல் சாவடிகள் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். இதற்குத் "தண்ணீர் அஞ்சல்" என்றே பெயர் வந்தது. வழியில் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

ஒரு நாள் ஒரு பிட்சு மந்திரியைப் பார்க்க வந்தார். தண்ணீர் அஞ்சல் அவருடைய நல்ல பெயருக்கு மாசு என்று எடுத்துச் சொன்னார்.

மந்திரிக்கு வருத்தம் வந்துவிட்டது. தமக்குப் பண ஆசை இல்லை, ஆட்டம் பாட்டத்தில் ஆசை இல்லை, குடிவெறியும் இல்லை. தண்ணீர் ஒன்றில்தான் ஆசை. அதுவும் கூடாதா என்று கேட்டார்.

பிட்சு கோபிக்கவில்லை. தலைநகரத்திலேயே ஒரு கோவிலின் பின்புறம் ஒரு கிணறு இருப்பதாகவும், பூமிக்கு அடியில் அந்தக் கிணற்றுக்கும் ஹுயிஷான் ஊற்றுக்கும் தொடர்பு உண்டு என்றும் சொன்னார்.

மந்திரி நம்பவில்லை. சோதித்துப் பார்த்தார். ஹுயிஷான் தண்ணீர் ஒரு ஜாடி. அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு ஜாடி. வேறு தண்ணீர் எட்டு ஜாடி. பத்தையும் கலந்து வைத்தார். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜாடிகளை எடுக்கும்படி பிட்சுவிடம் சொன்னார்.

பிட்சு ஒவ்வொன்றாக ருசி பார்த்தார். இரண்டு ஜாடிகளை எடுத்து வைத்தார்.

ஒன்று ஹுயிஷான் தண்ணீர்! மற்றொன்று கிணற்றுத் தண்ணீர்!

மந்திரி திகைத்துப் போனார். அன்றோடு தண்ணீர் அஞ்சல் நின்றது. ஆட்களின் கஷ்டமும் தீர்ந்தது.

600 மைலுக்கு அப்பால் உள்ள ஊற்றும் கிணறும் பூமிக்கு அடியில் சேர முடியுமா? முடியாது. ஆனால் ஏழைகளின் முதுகில் இருந்து சுமையை இறக்க அந்தக் கதை போதுமானதாக இருந்தது.

தண்ணீரைக் கழுவினார்கள்!

மந்திரி விட்டாலும் மற்றவர்கள் விடவில்லை. 11-வது நூற்றாண்டில் ஓயாங் சியூ என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் இருந்தார். அவருடைய நூல் ஒன்றின் முன்னுரையை, அழகான கையெழுத்துக்குப் பெயர் பெற்ற நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு ஓயாங் சியூ என்ன பரிசு கொடுத்தார் தெரியுமா? எழுதும் தூரிகை, உயர்ந்த தேயிலை, அவற்றோடு ஹுயிஷான் தண்ணீர்!

ஜாடியில் பல நாள் அடைபட்டு வந்த தண்ணீரில் வாடை வந்துவிடாதா? வரும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மெல்லிய மணலின் வழியாக அந்தத் தண்ணீரை வடிய விட்டார்கள். அப்போது அது புதிதாக மொண்டது போல ஆகிவிடும். தண்ணீரைக் "கழுவுவது" என்று அதைச் சொன்னார்கள். நம் வீடுகளில் மணலும் கரியும் போட்ட பானையில் தண்ணீர் வடிகட்டியது போன்ற முறைதான் இது.

மலைக்கு உள்ளே நடப்பதும் அதுவே. மழை நீர் மணற்கல் பாறைகளின் வெடிப்புகள் வழியாக இறங்குகிறது. அழுக்கு தங்கிவிடுகிறது. தெளிந்த நீர் அடிவாரத்தில் வெளியே வருகிறது.

எடை போட்ட சக்கரவர்த்தி

18-வது நூற்றாண்டில் சீனாவை ஆண்டவர் சியென்லுங் சக்கரவர்த்தி. அவரும் டீப் பிரியர். தென்பகுதிக்கு ஆறு முறை பிரயாணம் செய்தவர்.

எந்தத் தண்ணீர் சிறந்தது என்ற சண்டையைத் தீர்க்க அவர் ஒரு வழி கண்டார். வெள்ளியால் ஓர் அளவுப் பாத்திரம் செய்தார். பல ஊற்றுகளின் நீரை அதில் ஊற்றி எடை போட்டார். எடை குறைந்த தண்ணீரே நல்ல தண்ணீர் என்பது அவர் தீர்ப்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் எடை கொஞ்சம் கூடும் அல்லவா?

பீஜிங் நகருக்குப் பக்கத்தில் உள்ள யூசுவான் ஊற்று நீர், ஒரு பாத்திரம் ஒரு "லியாங்" இருந்தது. அதாவது சுமார் 37 கிராம். ஹுயிஷான் நீர் அதைவிட 4 "லீ" கூடுதலாக இருந்தது. ஒரு லியாங்கில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு லீ. ஆகவே வித்தியாசம் ஏழெட்டு அரிசி மணியின் எடைதான்!

பீஜிங் ஊற்றுக்கு முதல் பரிசு கொடுத்தார் சக்கரவர்த்தி. ஆனாலும் ஹுயிஷானை அவர் மறக்கவில்லை. ஊற்றுக்குப் பக்கத்தில் உள்ள ஜிசாங் தோட்டம் அவர் மனதைக் கவர்ந்தது. பீஜிங் கோடைகால அரண்மனையில் அதே போல ஒரு தோட்டத்தை அமைத்தார். இரண்டு தோட்டங்களையும் இன்றும் பார்க்கலாம்.

பார்வை இல்லாதவரின் நிலா

மந்திரி ஆசைப்பட்டார். சக்கரவர்த்தி எடை போட்டார். ஆனால் இன்று இந்த ஊற்றின் பெயரைச் சொன்னால் சீனர்களுக்கு முதலில் நினைவு வருவது அவர்கள் அல்ல. ஒரு தெருப் பாடகர்!

அவர் பெயர் ஹுவா யான்ஜுன். 1893-ல் வூசியில் பிறந்தார். எல்லோரும் அவரை "ஆ பிங்" என்றே கூப்பிட்டார்கள். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஒரு கோவில் பூசாரி. அவரிடம் மேளமும் குழலும் தந்தி வாத்தியங்களும் கற்றுக்கொண்டார்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு நோயால் ஆ பிங்கின் இரண்டு கண்களும் போயின. வருமானம் நின்றது. தெருவுக்கு வந்தார். மனைவி கைப்பிடித்து அழைத்துப் போக, கடை வாசல்களிலும் டீக்கடைகளிலும் வாசித்துப் பிழைத்தார்.

ஊர் நடப்பை எல்லாம் அவர் பாட்டாகக் கட்டிப் பாடுவார். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆ பிங்கின் பாட்டுத்தான் பத்திரிகை!

இரவு வீடு திரும்பும்போது இரண்டு தந்தி உள்ள "எர்ஹு" என்ற வாத்தியத்தில் ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே நடப்பார். அதற்கு அப்போது பெயர் கிடையாது.

1950-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், யாங் யின்லியு என்ற இசைப் பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வூசிக்கு வந்தார். ஆ பிங் அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக வாத்தியத்தைத் தொடவே இல்லை. கையில் நல்ல வாத்தியமும் இல்லை. இரவல் வாங்கி வாசித்தார். ஆறு மெட்டுகள் பதிவாயின.

தெருவில் வாசித்த அந்த மெட்டுக்கு என்ன பெயர் வைப்பது? இருவரும் பேசி ஒரு பெயர் வைத்தார்கள்: "இரண்டாவது ஊற்றில் தெரியும் நிலா".

இன்னும் பழகிக்கொண்டு மறுபடி வாசிப்பதாக ஆ பிங் சொன்னார். ஆனால் மறுபடி பதிவு செய்யக் கொடுத்து வைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாதம் அவர் இறந்து போனார். அவருடைய நூற்றுக்கணக்கான மெட்டுகளில் மிஞ்சியவை அந்த ஆறுதான்.

1978-ல் ஜப்பானிய இசை மேதை ஸெய்ஜி ஒஸாவா, பீஜிங்கில் ஓர் இளம் பெண் அந்த மெட்டை வாசிக்கக் கேட்டார். கண்ணீர் விட்டு அழுதார். இதை மண்டியிட்டுத்தான் கேட்கவேண்டும் என்று சொன்னார்.

கண் இருந்த மந்திரிக்கு ஊற்றில் தண்ணீர் தெரிந்தது. கண் இழந்த ஆ பிங்குக்கு நிலா தெரிந்தது!

தண்ணீர் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்

வூசி நகரம் தண்ணீரால் பெயர் எடுத்த ஊர். ஊற்று ஒரு பக்கம். சீனாவின் மிகப்பெரிய ஏரிகளில் ஒன்றான தாய் ஏரி மறுபக்கம். அந்த ஊருக்கே ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போனது!

2007-ம் ஆண்டு மே மாதக் கடைசி. தாய் ஏரியில் பாசி பரவியது. பச்சைச் சாயம் கொட்டியது போல ஏரி மாறியது. வீட்டுக் குழாயைத் திறந்தால் துர்நாற்றம். குடிக்க முடியவில்லை. சமைக்க முடியவில்லை. சுமார் 20 லட்சம் பேர் தவித்தார்கள். கடைகளில் இருந்த பாட்டில் தண்ணீரை எல்லாம் ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

காரணம் என்ன? தொழிற்சாலைக் கழிவு ஏரியில் கலந்தது. ஊர்ச் சாக்கடை கலந்தது. வயல்களில் போட்ட உரமும் மழையில் கரைந்து வந்து சேர்ந்தது. இவற்றைத் தின்று பாசி கொழுத்தது.

அதன் பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. பல ரசாயனத் தொழிற்சாலைகளை மூடியது. சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களைக் கட்டியது. ஏரியில் இருந்து படகு படகாகப் பாசியை அள்ளினார்கள். அந்த வேலைக்குப் பெரும் பணம் செலவாயிற்று. பல ஆண்டுகளும் பிடித்தன.

ஒரு குவளை நல்ல தண்ணீருக்காக மந்திரி ஆட்களை ஓட விட்டபோது, அது பணக்காரப் பித்து என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். குழாயில் நாற்றம் அடித்த அன்று, மந்திரியின் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது!

பார்க்கப் போகிறவர்கள்

ஊற்றைப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு அங்கே ஒரு நாள் பொழுது போதாது. பக்கத்திலேயே பழைய வீதிகளும், குடும்பங்கள் தங்கள் முன்னோர்களுக்குக் கட்டிய மண்டபங்களும் இருக்கின்றன. ஹுயிஷான் மண்ணில் செய்த பொம்மைகள் பெயர் பெற்றவை. கொழுகொழு என்று ஒரு குழந்தை, சிங்கத்தை அணைத்துக்கொண்டு சிரிக்கும். அந்தப் பொம்மை வீட்டில் இருந்தால் நல்லது நடக்கும் என்பது அந்த ஊர் ஜனங்களின் நம்பிக்கை. குழந்தைகளை அந்தக் கடைகளில் இருந்து கிளப்புவது கஷ்டம்!

ஆ பிங்கின் சமாதியும் அதே பூங்காவில்தான் இருக்கிறது. டீ குடிக்கப் பக்கத்தில் கடைகள் உண்டு. குவளையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார்கள். பாலும் கிடையாது. சர்க்கரையும் கிடையாது. இலையின் வாசனையும் தண்ணீரின் ருசியும் மட்டும்தான்.

அந்த டீயைக் குடித்தால் லூ யூ சொன்னது புரியும். பால் போட்டால் தண்ணீரின் குறை மறைந்துவிடும். சர்க்கரை போட்டாலும் மறைந்துவிடும். வெறும் டீயில் மறைக்க முடியாது. தண்ணீர் நல்லதா, கெட்டதா என்பதை முதல் வாயிலேயே நாக்கு சொல்லிவிடும்.

பகல் கூட்டம் கலைந்ததும் அந்த இடம் அமைதி ஆகிவிடும். நிலா எழும்பும். எட்டு மூலைத் தொட்டியின் தெளிந்த நீரில் அதன் நிழல் விழும்.

மந்திரிக்கும் அதே நிலா. தெருப் பாடகருக்கும் அதே நிலா. தண்ணீர் கலங்காமல் இருந்தால், எல்லோருக்கும் தெரியும்!